நூறு சதுர அடிக்கு எத்தனை மூட்டை?

எஸ்டிமேஷன் பேப்பர்ல 1.33-ஆல பெருக்கத் தெரியாத சிவில் மாணவர் யாரும் இல்ல. ஏன் பெருக்கறோம்னு கேட்டா பாதிப் பேர் முழிப்போம். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

உலர்ந்த சிமெண்டையும் மணலையும் கலந்து தண்ணி ஊத்தினா மொத்தக் கன அளவு குறையும். மணல் துகள்களுக்கு நடுவுல இருக்கிற காலி இடத்துல சிமெண்ட் போய் உட்கார்ந்துக்கும். 100 பங்கு உலர் பொருள் போட்டா ஏறக்குறைய 75 பங்கு கலவைதான் கைக்கு வரும். 1-ஐ 0.75-ஆல வகுத்துப் பாருங்க, 1.33. இது அனுபவக் கணக்கு. மணலைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.

இப்போ வடக்கனந்தல்ல ஒரு வீடு கட்டறதா வச்சுக்கோங்க. 10-க்கு 10 அடி உள்சுவர், 12 மி.மீ. பூச்சு, 1:5 கலவை. 100 சதுர அடின்னா 9.29 சதுர மீட்டர். தடிமனால பெருக்கினா 0.1115 கன மீட்டர். செங்கல் இடுக்குல இறங்கறது, சுவரோட மேடு பள்ளம், கீழே சிந்தறது எல்லாத்துக்கும் 20% சேர்த்தா 0.134. அதை 1.33-ஆல பெருக்கினா 0.178. மொத்தம் 6 பங்கு, அதுல 1 பங்கு சிமெண்ட்: 0.0297 கன மீட்டர். ஒரு கன மீட்டர் சிமெண்ட் 1440 கிலோ. ஆக 43 கிலோ சிமெண்ட், 5.2 கன அடி மணல்.

கொத்தனார் பேப்பர் பேனா எதுவும் இல்லாம “நூறு அடிக்கு ஒரு மூட்டை தம்பி”ன்னு சொல்வார். சுவர் கொஞ்சம் கோணலா இருந்தா 50 கிலோவும் காலியாகிடும். அவர் கணக்கு தப்பே இல்ல.

சிக்கல் மணல்லதான். சைட்ல சட்டியாலதான் அளக்கறாங்க. குவிச்சு அள்ளின சட்டி வேற, தலை தட்டின சட்டி வேற. அதை விடப் பெரிய விஷயம் ஈரம். கல்வராயன் மலைப் பக்கம் தூறல் போட்ட மறுநாள் தெருவுல கிடக்கிற மணல் குவியலைக் கவனிங்க. லேசான ஈரத்துல துகளைச் சுத்தி நீர்ப்படலம் நின்னு, ஒண்ணை ஒண்ணு தள்ளி வைக்கும். மணல் உப்பிடும். 5% ஈரத்துக்கே 25% வரைக்கும் கூட உப்பலாம், பொடி மணல்னா இன்னும் அதிகம். வேடிக்கை என்னன்னா, முழுசா தண்ணியில மூழ்கின மணல் உப்பாது.

சோதிக்க ஒரு கண்ணாடி ஜாடி போதும். ஈர மணலைத் தளர்வா 20 செ.மீ. உயரத்துக்குப் போடுங்க. தண்ணி ஊத்திக் கிளறி, படிய விடுங்க. 16 செ.மீ.ல நின்னா 25% உப்பல்.

அந்த மணலை 5 சட்டி போட்டா உள்ளே இருக்கிறது 4 சட்டி மணல்தான். நீங்க 1:5-னு நினைச்சுப் போட்டது 1:4 ஆயிடுச்சு. 100 சதுர அடிக்கு 43 கிலோவுக்குப் பதிலா 51 கிலோ. 3000 சதுர அடி பூச்சுக்கு 5 மூட்டை கூடுதல், வீட்டுக்காரர் காசு. சிமெண்ட் கூடினா பலம்தானேன்னு சொல்லாதீங்க. பூச்சு அதிகமா சுருங்கி, மயிரிழை வெடிப்பு விடும்.

வாங்கும்போதும் இதே கதைதான். 3000 சதுர அடிக்கு 157 கன அடி உலர் மணல் வேணும். 25% உப்பின மணல்னா 196 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 2 யூனிட் சொல்லணும். வண்டி வந்ததும் நீளம், அகலம், உயரம் மூணையும் டேப் வச்சு அளந்துட்டு, அப்புறம் கொட்டச் சொல்லுங்க.