பதுளையில் ஒருவர் புத்தகம் போட்டால்

இலங்கையின் மலையகத்தில், பதுளைப் பக்கம் ஒருவர் சிறுகதைத் தொகுப்போ நாவலோ போட்டுவிட்டால் ஊரில் இரண்டு பேச்சு கிளம்பும். "ஆளுக்கு இனி என்ன குறை, புத்தகமே போட்டுவிட்டார்" என்பது ஒன்று. "நல்ல எழுத்தென்றால் பெரிய பதிப்பகம் போட்டிருக்காதா, கைக்காசைக் கொட்டித்தானே அச்சடித்தார்" என்பது மற்றது. இரண்டுமே பிழையான பேச்சு. ஏன் பிழை என்று பார்க்க, பணக் கணக்கிலிருந்து தொடங்குவதுதான் வசதி.

ஒரு பேச்சுக்கு 500 பிரதி அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரதிக்கு அச்சுச் செலவு 400 ரூபா, விலை 800 ரூபா. கையிலிருந்து போவது 2 இலட்சம். அத்தனையையும் அவரே நேரில் விற்றால் 250 பிரதி போனதும் போட்ட காசு திரும்பும். கடை வழியாக விற்று, விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கடை கழித்துக்கொண்டால், அதே காசுக்கு 375 பிரதி விற்கவேண்டும். இதற்கிடையில் முன்னுரை எழுதியவர், அட்டைப்படம் வரைந்தவர், பத்திரிகைக்காரர், படித்த பள்ளிக்கூடம், மச்சான், மாமா என்று சும்மா போவது நூறாவது இருக்கும். மிச்சம் 400. அதில் 375 முதலுக்குப் போய்விட்டால், இலாபம் என்று நிற்பது 25 பிரதி, கிட்டத்தட்ட 13,000 ரூபா. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. பத்து நாள் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுந்தால் வரும் காசுதான் ஒரு நாவலின் மொத்த இலாபம். அதுவும் எல்லாப் பிரதியும் விற்றால்!

அப்படியானால் புத்தகம் போடுகிறவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்? வெளியீட்டு விழாவால். வெளியூர்க்காரர் அதை ஏதோ இலக்கியக் கூட்டம் என்று நினைப்பார். உண்மையில் இங்கே புத்தகச் சந்தையே அந்த மூன்று மணி நேரம்தான். மண்டபத்தில் மங்கள விளக்கு ஏற்றி, தமிழ் வாழ்த்துப் பாடி, நூலாய்வு இரண்டு முடிந்ததும் முதற்பிரதி கைமாறும். வாங்குகிறவர் பெரும்பாலும் பஸார் தெருக் கடை முதலாளி. புத்தகத்தை வாங்கும் கையால் கடித உறை ஒன்றையும் கொடுப்பார். பிறகு சிறப்புப் பிரதி பெறுவோரின் பெயர்களை ஒலிவாங்கியில் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அதிபர், கிளாக்கர், தொழிற்சங்கப் பிரதிநிதி, கோயில் தலைவர் என்று வரிசையாக மேடையேறிப் படம் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். உறைக்குள் இருப்பது புத்தகத்தின் விலை இல்லை, கல்யாண வீட்டு மொய். நாளை அவர் வீட்டு விசேடத்துக்கு எழுத்தாளர் போகவேண்டும், அவ்வளவுதான். இதை இழிவாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதிப்பகம் தராத முதலீட்டை ஊர் தருகிறது. ஆனால் அப்படி வாங்கிப் போன பிரதிகளில் எத்தனை வாசிக்கப்பட்டன என்று மட்டும் கேட்கக்கூடாது.

'சுதந்திர எழுத்தாளர்' என்றதும் வேறு வேலையில்லாமல், மலையைப் பார்த்தபடி எழுதுகிறவர் என்று ஒரு படம் சிலர் மனதில் இருக்கிறது. மலையகத்தில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது கடினம். 1934இல் ஊவா மாகாணத்தில், ஹாலிஎலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த தெளிவத்தை ஜோசப், தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்து அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். பின்னர் கொழும்பில் கணக்காளராக இருந்துகொண்டுதான் எழுதினார். 'ஒரு கூடைக் கொழுந்து' எழுதிய என்.எஸ்.எம். ராமையா கொழும்பில் இரும்புக் கடையொன்றில் கணக்கு எழுதினார். சாரல் நாடன் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். சி.வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கக்காரர், 1947இல் நாடாளுமன்றத்துக்கும் போனவர். சம்பளம் ஒரு பக்கம் வந்தது, எழுத்து மறுபக்கம் நடந்தது. பகலில் பேரேடு, இரவில் கதை.

வேலையை விட்டுவிட்டால் நிறைய எழுதலாம் என்ற எண்ணமும் அவ்வளவு சரியில்லை. தோட்டத்தின் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் கிளாக்கருக்குத்தான் யாருக்கு அரைப்பேர் போட்டார்கள், யார் கடனில் முங்கிக் கிடக்கிறார்கள் என்பது தெரியும். கதை அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது பேச்சுக்கு வருவோம். சொந்தமாக அச்சடித்தவர் பதிப்பகங்கள் தள்ளிவிட்டவர் என்று எண்ணுவதற்கு, தள்ளிவிடுவதற்காவது பதிப்பகம் இருக்கவேண்டுமே. இலங்கைத் தமிழ்ப் புனைகதையில் எழுதியவரே செலவழித்துப் போட்டது ஏராளம். மலையகத்தில் இது எழுத்தோடு பிறந்த வழக்கம் என்றே சொல்லலாம். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் 1920களிலேயே சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார். அவர் மனைவி மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளர் மத்தியில் பாடிய பாட்டுகள் சிறு பிரசுரங்களாக அச்சேறி அவர்கள் கைக்கே போயின.

விழாவுக்கு வெளியே சந்தை என்று ஒன்று ஒரே ஒரு முறைதான் கூடி வந்தது. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் உள்ளூர் நாவல்களைப் போட ஆரம்பித்தது. ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் அந்த வரிசையில் வந்ததுதான். அதற்கு முன்பே, 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகளின் கதைகள் 'கதைக்கனிகள்' என்று 1971இல் நூலாகியிருந்தன. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, 1983இல் தமிழருக்கு எதிரான வன்முறையும் வந்தது, அந்தச் சந்தை நிலைக்கவில்லை. ராமையாவின் பெயர்பெற்ற கதையான 'ஒரு கூடைக் கொழுந்து' 1961இல் அச்சில் வந்தது. அதைத் தலைப்பாகக் கொண்ட தொகுப்பு 1980இல்தான் வெளியானது. கதை சரியில்லாமலா பத்தொன்பது வருடம் காத்திருந்தது?

சட்டம் பற்றிய குழப்பத்தைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். ஐ.எஸ்.பி.என். எண் எடுத்தால்தான் கதை தன் சொத்தாகும் என்று பலர் நம்புகிறார்கள். தேசிய நூலகம் தரும் அந்த எண் புத்தகத்தை அடையாளம் காண மட்டும்தான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. அவர் காலத்துக்குப் பின் 70 வருடம் வாரிசுகளுக்கு அது நிற்கும். அச்சகத்துக்குக் காசு கட்டியதால் அச்சகத்துக்கோ, விழாவுக்குப் பொறுப்பெடுத்ததால் சங்கத்துக்கோ அது போகாது.

தோட்டத்து ஆட்கள் வாசிப்பதில்லை என்பதும் அடிக்கடி காதில் விழும் வசனம். பசறை, லுணுகலைப் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவர் ஒரு நாவல் வாங்க பஸ் ஏறிப் பதுளை டவுனுக்கு வரவேண்டும். போகவர பஸ் காசு, அதற்கு மேல் அரை நாள் சம்பளத்தைத் தாண்டிய விலை. இந்தத் தடையை வைத்துக்கொண்டு ஆர்வத்தை அளக்கமுடியாது. ஆனால் வாங்கியவர் ஒருவரானால், பிரதி பல வீடு சுற்றும். அதனால் வேறொரு சிக்கலும் வரும்: கதையில் வரும் கணக்கப்பிள்ளை யார் என்று மறுநாளே கண்டுபிடித்துவிடுவார்கள். எழுதியவருக்குப் பாராட்டை விட முதலில் வருவது, "நீங்கள் எழுதினது எங்கள் சித்தப்பாவைத்தானே?"

மலையக எழுத்தாளர் கொழுந்தையும் லயத்தையும் விட்டு வெளியே வரக்கூடாது என்ற எதிர்பார்ப்பும் உண்டு. அதை வாசகரை விடத் தொகுப்பாசிரியர்கள்தான் அதிகம் வளர்க்கிறார்கள் என்பது என் சந்தேகம். ஜோசப்பின் 'குடைநிழல்' நடப்பது கொழும்பில், வீடு தேடியலையும், சந்தேகத்தில் பிடிபடும் ஒரு தமிழனைச் சுற்றி. அதனால் அவர் ஊவாக்காரர் இல்லாமல் போய்விடவில்லை. 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தபோது வயது எழுபத்தொன்பது. விருதை நம்பி எழுத வருகிறவர்கள் இந்த வயதையும் குறித்துக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் போடத்தான் போகிறேன் என்பவருக்குச் சில நடைமுறைச் சங்கதிகள். விழாவைத் தோட்டச் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள்; மாதக் கடைசியில் வைத்தால் மண்டபம் நிறையும், மேசையில் பிரதி அப்படியே இருக்கும். நவம்பர், டிசம்பரைத் தவிருங்கள். பதுளைக்குப் பெருமழை அப்போதுதான். மண் சரிந்து பாதை மூடினால் நூலாய்வாளர் வந்துசேரமாட்டார். விற்காத கட்டுகளை ஈரச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், பூஞ்சணம் பிடித்துவிடும். பலகை மேல் வையுங்கள். ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்துக்கும், ஒன்றைப் பதுளைப் பொது நூலகத்துக்கும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். கட்டு பிரித்து நாலு மாதமானால் கொடுக்க வேண்டும் என்ற நினைவே இருக்காது.