‘தடக் 2’: சாதியின் பெயரைச் சொன்ன படம், சாதியின் கேள்வியைத் தவறவிட்டது

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் என்ற தலித் மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பழகிவந்த ஆதிக்கச் சாதிப் பெண்ணின் சகோதரர் கைது செய்யப்பட்டார். அடுத்த ஐந்தாவது நாள், ஆகஸ்ட் 1 அன்று, ‘தடக் 2’ என்ற இந்தித் திரைப்படம் நாடெங்கும் வெளியானது. அதன் மூலக்கதை, மாரி செல்வராஜ் இயக்கத்தில் 2018இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’. திருநெல்வேலிச் சட்டக்கல்லூரியில் படிக்கும் ஒரு தலித் மாணவனின் கதை. கதை பிறந்த மண்ணில் குருதி உலராத வேளையில் வெளியான படத்தை, ஒரு காதல் படத்தின் இரண்டாம் பாகம் என்று மட்டும் எடைபோட்டு நம்மால் கடந்துபோக முடியாது.

முதலில் இந்த வரிசையின் வரலாற்றைப் பார்ப்போம். 2016இல் நாகராஜ் மஞ்சுளே இயக்கிய ‘சைராட்’ என்ற மராத்திப் படம், ஆதிக்கச் சாதிப் பெண்ணும் ஒடுக்கப்பட்ட சாதி இளைஞனும் கொண்ட காதலையும், இருவரும் வெட்டிக் கொல்லப்படுவதையும் காட்டியது. தர்மா நிறுவனம் 2018இல் அதை ‘தடக்’ என்று இந்தியில் எடுத்தபோது கதை உதய்ப்பூருக்குப் பெயர்ந்தது; சாதி ஏறக்குறைய காணாமல்போனது. அரண்மனை வீட்டுப் பெண், எளிய வீட்டுப் பையன் என்ற பழைய ஏழை-பணக்காரக் கதையே மிஞ்சியது. அதற்கு எழுந்த கண்டனங்களுக்கு விடை சொல்வதுபோலவே இரண்டாம் பாகம் வந்தது. முதல் படத்தோடு கதைத் தொடர்ச்சி ஏதும் இதற்கு இல்லை. ஷாசியா இக்பால் இயக்கினார். சித்தாந்த் சதுர்வேதியும் திருப்தி டிம்ரியும் நடித்தனர்.

இந்த முறை சாதி மறைக்கப்படவில்லை. போபாலில் சட்டம் படிக்கும் நாயகன் நீலேஷ் அகிர்வார் என்று தன் சாதி தெரியும் பெயரோடு வருகிறான். இடஒதுக்கீட்டின் மீதான ஏளனமும், ரோகித் வெமுலாவை நினைவூட்டும் மாணவத் தலைவர் ஒருவரும் படத்தில் உண்டு. மூலத்தின் ஜோவுக்குத் தன்னைச் சுற்றி நடப்பது எதுவுமே தெரியாது. இந்தியின் விதிக்கோ தன் வீட்டை எதிர்த்துப் பேசும் குரல் இருக்கிறது. இவை முன்னேற்றங்களே, மறுக்க வேண்டியதில்லை.

ஏமாற்றம் வேறோரிடத்தில் இருக்கிறது. ‘பரியேறும் பெருமாள்’ காதல் படமன்று. ஜோவின் மீது தனக்கிருப்பது காதல்தானா என்று பரியனே துணிந்து சொல்வதில்லை. அவன் கேட்பது சமமாக உட்கார்ந்து படிக்கும் உரிமையை; தன் தந்தையின் கலையும் உடலும் இழிவுபடுத்தப்படாத வாழ்வை. சாதி தன் முகத்தைக் காட்டும் பல இடங்களுள் ஒன்றாகவே அங்கே அன்பு வருகிறது. ‘தடக் 2’ இதைத் தலைகீழாக்குகிறது. காதலைக் கதையின் நடுவே நிறுத்தி, சாதியைக் காதலுக்கு வந்த தடையாக்குகிறது. முத்தமும் பாடலும் பிரிவும் கூடி, பார்வையாளர் கேட்கும் கேள்வி “இவர்கள் சேர்வார்களா?” என்று சுருங்கிவிடுகிறது. “இவன் மனிதனாக மதிக்கப்படுவானா?” என்பதே மூலம் எழுப்பிய கேள்வி.

இந்த வேறுபாடு திருப்பரங்குன்றத்தில் வாழும் நமக்கு எளிதில் விளங்கும். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் இது திருமணங்களின் ஊர். முகூர்த்த நாள்களில் கோயிலும் சுற்றியுள்ள மண்டபங்களும் நிரம்பி வழியும். யாருக்குப் பத்திரிகை வைப்பது, யாரை முன்வரிசையில் அமர்த்துவது, யாரோடு ஒரே பந்தியில் உண்பது என்ற ஒவ்வொன்றிலும் சாதி தன் கணக்கை எழுதுகிறது. ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் மிகக் கொடிய காட்சி ஒரு திருமண மண்டபத்தில் நடப்பது தற்செயலன்று. ஜோ தன் வீட்டுத் திருமணத்துக்கு அழைத்ததை நம்பிப் பரியன் போகிறான். அங்கே ஓர் அறையில் அடைக்கப்பட்டு, அடிக்கப்பட்டு, அவன்மீது சிறுநீர் கழிக்கப்படுகிறது. அவன் அங்கே சென்றது காதலைச் சொல்வதற்காக அன்று. அழைக்கப்பட்ட விருந்தினனாகச் சென்றான். விருந்தினனாகக்கூட அவனை ஏற்க முடியாத சமூகத்தைத்தான் படம் குற்றக்கூண்டில் ஏற்றியது. நாயகனை வெளிப்படையான காதலனாக்கிவிட்டால் அந்தக் குற்றச்சாட்டின் கூர்மை மழுங்கிவிடுகிறது. காதலித்ததால் அடிபட்டான் என்று சொல்லிப் பார்வையாளர் தப்பித்துக்கொள்ள வழி கிடைக்கிறது.

நாயகனின் தோற்றமும் கேள்விக்குரியது. சதுர்வேதியின் நிறம் ஒப்பனையால் கருமையாக்கப்பட்டது. தலித் என்றால் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஆதிக்கப் பொதுப்புத்தியையே அது உறுதிசெய்கிறது. ‘சைராட்’ புதுமுகங்களை நாயகன் நாயகியாக்கி வென்று காட்டியது. அந்தத் துணிவு இங்கே இல்லை.

தணிக்கை வாரியத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 16 மாற்றங்களுக்குப் பின்னரே படத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது. சாதி வசைச்சொற்கள் மாற்றப்பட்டன. மூவாயிரம் ஆண்டுப் பாக்கி எழுபது ஆண்டுகளில் தீர்ந்துவிடாது என்ற பொருளுடைய வசனம், மூவாயிரம் என்ற எண் இல்லாத பொதுவான பேச்சாக ஆக்கப்பட்டது. தெருவிலும் வகுப்பறையிலும் நாள்தோறும் ஒலிக்கும் வசை திரையில் மட்டும் ஒலிக்கக்கூடாதாம். வன்கொடுமையைவிட, அதைப் பெயர் சொல்லி அழைப்பதே அரசுக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஒரு படத்தைப் பற்றி இவ்வளவு ஏன் பேச வேண்டும்? சாதி ஆணவக்கொலையைக் ‘காதல் விவகாரம்’ என்று குறுக்கும் பழக்கம் திரையோடு நிற்பதில்லை. காவல் நிலையத்திலும் செய்தித்தாளிலும் அதே மொழிதான். ஓமலூர் கோகுல்ராஜ் 2015இல் கொல்லப்பட்டபோது, அவர் உடல் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலை என்று நம்பவைக்கும் முயற்சி நடந்தது. ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கொலைகளை விபத்தாகவும் தற்கொலையாகவும் மாற்றிக்காட்டும் முதியவர் வெறும் கற்பனை அல்லர் என்பதற்கு இந்த வழக்கே சான்று. வழக்கு மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. பிறழ்சாட்சியங்களுக்கு நடுவிலும் தளராது நின்ற ஒரு தாயின் போராட்டம் அதன் பின்னே இருக்கிறது.

அதே மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டிப் பகுதியில் சாதி மறுத்து மணந்த பெண்ணொருவர் 2014இல் உயிரிழந்தார். அவ்வழக்கில் 2016 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம், சாதி மறுப்பு இணையர்களைக் காக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவும் 24 மணிநேர உதவி எண்ணும் வேண்டும் என்று ஆணையிட்டது. காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோர் அதில் இருக்க வேண்டும். 2018இல் உச்சநீதிமன்றமும் சக்தி வாகினி வழக்கில் இதையொத்த வழிகாட்டுதல்களைத் தந்தது.

ஆகவே கல்லூரி மாணவத் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. ‘தடக் 2’ படத்தைப் புறக்கணிக்க வேண்டாம். மூலத்தையும் அதையும் அடுத்தடுத்துத் திரையிடுங்கள். திருமண மண்டபக் காட்சியில் நிறுத்தி விவாதியுங்கள். பிறகு உங்கள் மாவட்டத் தனிப்பிரிவின் உதவி எண் என்ன, அங்கே இதுவரை எத்தனை இணையர்கள் பாதுகாப்புக் கோரினர், எத்தனை பேருக்கு அது கிடைத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். கிடைக்கும் விடையைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டுங்கள்.