பசித்த ஈயின் மூக்கு

வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயின் மூளை ஒரு கசகசா அளவுகூட இருக்காது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ 1,40,000 நரம்பணுக்கள் இருக்கின்றன. சில மணி நேரம் பட்டினி போட்டால் இந்த ஈ உணவின் மணத்தைத் தேடி விரைந்து வந்து சேர்கிறது. வயிறு நிறைந்த ஈக்கோ அதே மணத்தில் அவ்வளவு நாட்டமில்லை. பசி ஏறினால் ஆர்வமும் கூடும், இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். அந்த ஆர்வம் எங்கே பிறக்கிறது என்பதுதான் வியப்பு.

ஈ உண்ணும்போது மூளையிலுள்ள ஒரு சிறு கூட்டம் உயிரணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. அந்த இன்சுலின், உணர்கொம்பில் மணமறியும் நரம்பணுக்களில் ஒரு மரபணுவை அடக்கி வைக்கிறது. பட்டினியில் இன்சுலின் குறைகிறது, அடக்குமுறை தளர்கிறது, மரபணு வேலையைத் தொடங்குகிறது. அது உருவாக்கும் ஏற்பிப் புரதம் நரம்பணுவின் மேல் கூடக்கூட, பழ மணம் பட்டதும் மூளைக்குப் போகும் சமிக்ஞை வலுக்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோவில் ஜிங் வாங் என்பவரின் ஆய்வுக் குழுவினர் 2011இல் இதை வெளியிட்டார்கள். அந்த ஏற்பியைக் குறைத்தபோது, பட்டினி கிடந்த ஈயின் தேடலும் மங்கியது. ஆக, மூளை யோசித்து முடிவெடுக்கும் முன்பே, மணத்தை வாங்கும் வாசலிலேயே பசி தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. மரபணு என்றதும் பிறப்போடு எழுதப்பட்டு மாறாத ஒன்று என எண்ணுகிறோம். எழுத்து மாறாதுதான், அதில் எது எப்போது வாசிக்கப்படுகிறது என்பது ஒரு வேளைச் சோற்றிலேயே மாறுகிறது.

நினைவாற்றலில் கதை இன்னும் சிக்கலானது. நீடித்த நினைவுக்குப் புதுப் புரதங்கள் வேண்டும், அதற்கு மரபணுக்கள் இயங்க வேண்டும். குறுகிய பட்டினியில் சிஆர்டிசி என்ற புரதம் நரம்பணுவின் உட்கருவுக்குள் நுழைந்து அவற்றைத் தூண்டுகிறது, நினைவு பலப்படுகிறது. பட்டினி நீண்டாலோ, ஆபத்தைப் பற்றிய நீண்டகால நினைவைப் பதிக்கும் வேலையையே மூளை நிறுத்திவிடுகிறது. அதற்கு ஆகும் செலவு அவ்வளவு பெரிது. 2013இல் பிரான்சில் பிளாசே, பிரேயா என்ற ஆய்வாளர்கள் இருவரும், பட்டினி கிடந்த ஈக்களில் அந்த நினைவை வலிந்து உருவாக்கிப் பார்த்தார்கள். அந்த ஈக்கள் மற்றவற்றைவிட விரைவில் மடிந்தன. மூளை போட்ட சிக்கனக் கணக்கு சரியானதுதான்.