பழைய மோட்டார் எஞ்சினில் சுழலும் பாகங்களைச் சமன்செய்தல்

சைக்கிளின் முன்சக்கரத்தைத் தரையினின்று தூக்கிச் சுழற்றிவிட்டால், அது வேகம் குறைந்து, சற்றே முன்னும் பின்னும் ஆடி, கனமான பக்கம் கீழே வரும்படி நிற்கும். வகுப்பறையில் எளிதிற் செய்து காட்டக்கூடிய இச்சோதனை, பழைய எஞ்சினைப் புதுப்பிப்போர் அறியவேண்டிய தத்துவத்திற்கு முதற்படியாகும்.

மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாஸடர் வண்டிகளில் நெடுங்காலம் பொருத்தப்பட்டிருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினை உதாரணமாகக் கொள்வோம். அதன் பிஸ்டன் 88.9 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. ஆகவே, கனெக்டிங் ராடு பொருந்தும் கிராங்குப் பகுதி, அச்சினின்று அதிற் பாதியான 44.45 மில்லிமீட்டர் தொலைவில் சுழல்கிறது. அவ்விடத்தில் 10 கிராம் எடை மிகையாக இருப்பின், நிமிஷத்திற்கு 2000 சுற்று வேகத்தில் அது சுமார் 2 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் கிராங்க் ஷாப்டை வெளிநோக்கி இழுக்கும். 4000 சுற்றில் இவ்விசை சுமார் 8 கிலோகிராமாகும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பது விதி. ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறும் இவ்விசையினால் எஞ்சின் அதிர்கிறது. பேரிங்குகள் விரைவில் தேய்கின்றன.

தொழிற்சாலையில் சமன்செய்யப்பட்ட எஞ்சின், புதுப்பிக்கும்போது சமநிலை இழப்பது ஏன்? தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்தபின் பெரிய பிஸ்டன்கள் இடப்படுகின்றன. கெட்டுப்போன கனெக்டிங் ராடுக்குப் பதிலாக வேறோர் எஞ்சினின் ராடு வந்து சேர்கிறது. பிளைவீலின் முகம் கடையப்படுகிறது; கிளட்ச் மாற்றப்படுகிறது. ஒவ்வொரு பாகமும் தன்னளவில் குறையற்றதாயினும், ஒன்றுகூடும்போது சமநிலை கெடுகிறது.

ஆகவே முதலில் தராசே தேவை. பிஸ்டன்களை அவற்றின் பின், வளையங்களுடன் நிறுத்து, மிகக் குறைந்த எடையுள்ளதற்குச் சமமாக மற்றவற்றைக் குறைத்தல் வேண்டும். கனெக்டிங் ராடைக் கிடைமட்டமாகத் தாங்கி, அதன் பெருமுனையையும் சிறுமுனையையும் தனித்தனியே நிறுத்தல் அவசியம். மொத்த எடை ஒத்திருந்தால் மட்டும் போதாது. பெருமுனை கிராங்குடன் சுழல்வது. சிறுமுனை பிஸ்டனுடன் ஏறி இறங்குவது. உலோகத்தை முனைகளிலுள்ள மிகைப்பகுதியினின்றே எடுத்தல் வேண்டும். போல்ட் அமரும் இடங்களைத் தொடலாகாது.

அடுத்தது கிராங்க் ஷாப்டு. இதற்குச் சைக்கிள் சக்கரச் சோதனை போதாது. தண்டின் ஒரு கோடியில் மேற்புறத்திலும், மறு கோடியில் கீழ்ப்புறத்திலும் சமமான மிகை எடை இருப்பின், நிற்கும்போது அது எப்பக்கமும் சாயாது. சுழலும்போதோ இரு கோடிகளும் எதிரெதிராக இழுக்கப்பட்டுத் தண்டு தள்ளாடும். ஆகவே சுழற்றிப் பார்க்கும் சமநிலை இயந்திரம் இன்றியமையாதது. முதலில் தண்டைத் தனியாகவும், பின்னர் பிளைவீலுடனும், இறுதியில் கிளட்ச் மூடியுடனும் சோதித்து, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்த்த பாகத்திலேயே திருத்தம் செய்தல் முறை. கழற்றுமுன் அடையாளமிட்டு, அதே நிலையில் மீண்டும் பூட்டுதல் வேண்டும். தவறினால் செய்த வேலை வீணாகும்.

வரிசையாக நான்கு சிலிண்டர்களுள்ள எஞ்சினில், பிஸ்டன்களின் இயக்கத்தால் எழும் சிறிதளவு அதிர்வு எஞ்சியே நிற்கும். அது அமைப்பின் இயல்பு. மிகை எடையால் வரும் அதிர்வு அத்தகையதன்று, அது தவிர்க்கக்கூடியது. உற்பத்தி நின்றுபோன எஞ்சினுக்குப் புதிய கிராங்க் ஷாப்டு தேடுவதினும், பூட்டுமுன் சில கிராம்களை நிறுத்துப் பார்ப்பது எளிது.