நட்ட கணக்கு போதும், நின்ற கணக்கைச் சொல்லுங்கள்

நங்கநல்லூரில் எங்கள் தெருமுனையில் ஒரு புங்க மரம். சிமென்ட் அதன் தூர்வரை வந்து கவ்வியிருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் இறங்கக் கைப்பிடி மண் இல்லை. வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியபோது ஒரு பக்க வேரையே நறுக்கிவிட்டார்கள். பத்தடி தள்ளித் துருவேறிய மரக்கூண்டு. உள்ளே கன்று இல்லை. டீ கப்புகள்தான் கிடக்கின்றன.

அந்தக் கன்றை நட்ட நாள் ஏதோ ஒரு கணக்கில் ஏறியிருக்கும். அது பட்டுப்போன நாள் எதிலும் ஏறியிருக்காது. நகரத்துப் பசுமைத் திட்டங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

மரம் வளர்ப்பது வனத்துறை வேலை என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர்ப்புறக் காடு வளர்ப்பை நகர உள்ளாட்சிகளுக்குரிய பணிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. 2011இல் எங்கள் பகுதியின் ஆலந்தூர், உள்ளகரம் - புழுதிவாக்கம் நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக விரிந்தது. பொறுப்பும் அதே அளவுக்கு விரிந்தது.

மாநகராட்சி சும்மா இருக்கவில்லை. 2020இல் கோட்டூர்புரத்தில் ஜப்பானியத் தாவரவியலாளர் மியாவாக்கியின் முறையில் அடர்வனம் வளர்க்கத் தொடங்கியது. காலி மனையில் நாட்டு மரங்களை நெருக்கமாக நட்டு, முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நீர் ஊற்றிக் களை எடுத்தால், பிறகு அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் நங்கநல்லூரின் காடு காலி மனையில் இல்லை, கொல்லையில் இருந்தது. ஒரு கிரவுண்டு வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னை, ஒரு மா, ஒரு வேம்பு. வீடு அடுக்ககமாகும்போது அத்தனையும் போய், அந்த இடத்தில் கார் நிற்கிறது. தெருமரங்களின் கதியோ, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் தெரிந்தது. வேர் பரப்ப மண் கிடைக்காத மரம் காற்றைத் தாங்காது.

மகாராஷ்டிரத்தில் நகர்ப்புற மரங்களுக்கென்றே 1975இல் சட்டம் வந்தது. உள்ளாட்சி தோறும் மர ஆணையம் வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மரங்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்கிறது அது. நம்மிடம் மலைப் பகுதி மரங்களைக் காக்க 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மற்ற இடங்களுக்கு, 2021இல் அமைந்த மாவட்டப் பசுமைக் குழுக்கள் இருக்கின்றன. வெட்ட வருபவரை அந்தக் குழு தடுக்கலாம். ஆனால் எத்தனை மரம் இருந்தது, எத்தனை மிச்சம் என்று சொல்ல, வார்டு தோறும் ஒரு பதிவேடு வேண்டும்.

பெரிய செலவில்லாத மூன்று காரியங்கள் போதும். ஒவ்வொரு தெருமரத்துக்கும் ஓர் எண். தூரைச் சுற்றி ஒரு மீட்டர் மண். தலைநகர் டெல்லிக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே இட்ட உத்தரவு இது. கன்று நடும் ஒப்பந்ததாரருக்கு முழுப் பணம், மூன்று கோடை தாண்டி அது உயிரோடு நின்றால் மட்டும். எதை நடுவது என்று திண்டாட வேண்டாம்: கிண்டியிலும் நன்மங்கலத்திலும் மிஞ்சியிருக்கும் காடுகளே இந்த மண்ணுக்கு எது ஒத்துவரும் என்று காட்டும்.

2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறத்திலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. குப்பை, தெருவிளக்கு, சாக்கடையோடு மரத்தையும் அங்கே பேசுவோம். நம் வார்டில் போன வருடம் நட்டதில் எத்தனை நிற்கிறது என்று கவுன்சிலரைக் கேட்போம். எங்கள் தெருமுனைப் புங்கனுக்காக நான் கேட்கப்போவது இரண்டுதான்: பதிவேட்டில் ஓர் எண், காலடியில் கொஞ்சம் மண்.