குண்டுக்குப் பயந்து கட்டியது, குடியேறிகளுக்கு இடம் தந்தது

ரேணிகுண்டா சந்திப்பில் ரயில் மாறி, பிழைப்புக்காகப் பெருநகரம் வந்து சேர்ந்தவர்கள் உங்களில் அநேகர் உண்டு. முதல் இரவு எங்கே படுத்தீர்கள் என்பதை இன்றும் மறந்திருக்கமாட்டீர்கள். லண்டன் மாநகரில் அப்படியொரு முதல் இரவுக்கு இடம் கொடுத்தது, பூமிக்கடியில் இருந்த ஒரு யுத்தகாலப் புகலிடம்.

1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மேல் இரவுதோறும் குண்டுமாரி பொழியத் தொடங்கின. ஜனங்கள் போர்வையும் தலையணையுமாகப் பாதாள ரயில் நிலையங்களில் தஞ்சம் புகுந்தார்கள். அதைக் கண்ட அரசாங்கம், ரயில் சுரங்கங்களுக்கும் கீழே 8 புகலிடங்களைத் தோண்டியது. அவற்றில் ஒன்று தெற்கு லண்டனின் கிளாப்பம் சவுத். சுமார் 180 படிகள் இறங்கவேண்டும். நீண்ட இரட்டைச் சுரங்கங்கள், வரிசையாக அடுக்குக் கட்டில்கள், உணவுக்கூடம், மருத்துவ அறை. 8,000 பேர் உறங்கலாம். 1942-லேயே வேலை முடிந்தும், 1944 ஜூலையில்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மறுவருஷம் யுத்தம் ஓய்ந்தது.

1948 ஜூன் 22-ல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வேலை தேடி வந்த நூற்றுக்கணக்கானோரை டில்பரி துறைமுகத்தில் இறக்கியது. அவர்களில் 200-க்கும் மேற்பட்டோருக்குத் தலைசாய்க்க இடமில்லை. அவர்களுக்கு முன்னரே வந்து விமானப்படையில் பணியாற்றியிருந்த ஜமைக்கா நாட்டவர் பேரன் பேக்கர், அந்தப் புகலிடத்தைத் திறக்கும்படி அதிகாரிகளைத் தாமே வற்புறுத்தியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கதவு திறந்தது. மேலே ரயில்கள் ஓடும் இரைச்சல், வெயில் எட்டாத அறைகள்! இதை உபசரணை என்று சொல்ல மனம் வரவில்லை. அன்றைய அரசுக்கு அவர்களுடைய வருகையே பிடிக்கவில்லை. ஆனாலும் படுக்கை கிடைத்தது.

அங்கிருந்து கிட்டத்தில் இருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில். சில வாரங்களுக்குள் அவர்கள் வேலை பெற்று வெளியேறினார்கள். பலர் பிரிக்ஸ்டனைச் சுற்றியே வாடகைக்கு அறை தேடினார்கள். லண்டனில் கரீபியர்களின் பேட்டையாக அவ்வூர் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். புதிதாய் வருகிறவனுக்கு முதல் படுக்கை எந்தத் தெருவில் கிடைக்கிறதோ, அந்தத் தெருவில்தானே அவன் சொந்தக்காரரும் பின்னால் வந்து இறங்குகிறார்கள்?

1951-ல் பிரிட்டன் விழாவைக் காண வந்தோருக்கு அதே சுரங்கம், ஓர் இரவுக்கு மூன்று ஷில்லிங் கட்டணத்தில் விடுதியாயிற்று. பிறகு பழைய ஆவணங்களை அடுக்கும் கிடங்கானது. இப்போது லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் பார்வையாளரை அழைத்துச் சென்று காட்டுகிறது. அந்த நிலையத்திலிருந்து தெற்கே மூன்றாவது நிறுத்தம் டூட்டிங் பிராட்வே. இலங்கைத் தமிழர் திரளாகக் குடியேறிய பகுதி அது.