மாட்யூல் சின்னதுதான், ஆனா இடம்?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி: சென்சார் போர்டுக்கு, ஆன்டெனா உள்ளேயே இருக்குற வயர்லெஸ் மாட்யூல்ல எது சின்னது?

நானும் அந்தக் கேள்வியிலதான் ஆரம்பிச்சேன். ஈஎஸ்பி32-சி3-மினி-1 எடுத்தேன். 13.2-க்கு 16.6 மில்லிமீட்டர், அவ்வளவுதான். சந்தோஷத்துல அதை போர்டு நடுவுல வெச்சு, அடியில முழுக்க கிரவுண்ட் காப்பர் போட்டுட்டேன். பத்து போர்டு வந்துச்சு. ரௌட்டர் பக்கத்துல பிரமாதமா வேலை செஞ்சுது. அடுத்த ரூமுக்குக் கொண்டு போனா சிக்னலே இல்ல. பத்தும் வேஸ்ட்.

காரணம் இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அதுல கால்பங்குன்னாலே 3 சென்டிமீட்டருக்கு மேல. அந்த நீளத்தைத்தான் மடிச்சு நெளிச்சு மாட்யூல் ஓரத்துல வரைஞ்சிருக்காங்க. பக்கத்துல செம்பு, பேட்டரி, ஸ்க்ரூன்னு எது வந்தாலும் டியூனிங் விலகிடும். அதனாலதான் எஸ்பிரெசிஃப் கைடுலயே, ஆன்டெனா பகுதி போர்டுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கணும், முடியலைன்னா சுத்தி 15 மில்லிமீட்டர் காலியா விடணும்னு சொல்றாங்க. அந்தக் காலி இடத்தையும் சேர்த்துதான் சைஸைக் கணக்குப் போடணும்.

பேட்டரியையும் இப்பவே யோசிச்சிடுங்க. வைஃபை அனுப்புற நொடியில 300 மில்லிஆம்பியர் தாண்டும். சிஆர்2032 பட்டன் செல் அதுக்குத் தாங்காது. அதுலதான் ஓடணும்னா புளூடூத் எல்ஈ மாட்யூல் பாருங்க.

பெட்டி உலோகமா? அப்போ இந்தப் பேச்சே வேண்டாம். வெளி ஆன்டெனாவுக்குக் கனெக்டர் இருக்குற மினி-1யு வாங்கிடுங்க.